கஞ்சிக்குத் திரும்பிய உஞ்சாட்

ஒரே கூரையின் கீழ் ஊரே குடியிருக்கும் எங்கள் நீள்வீட்டுக்கு, குடும்பத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு கதவுகள். ஒன்றைத் தவிர ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஊர் சுற்றி வந்த ஆண் ஒருவனாவது இருப்பான். ஒருவன் புரூணையில் குழாய் பதித்தான், ஒருவன் ஜோகூரில் கப்பல் கட்டினான், இன்னொருவன் பாப்புவாக் காட்டில் மரம் வெட்டப் போய் மலேரியாவோடு திரும்பினான். நான், பெயர் பெலாயோங், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். பெஜலாய் போவது என்று இதற்குப் பெயர். பெஜலாய் போகாத ஆணுக்கு எங்கள் ஆற்றில் பெண் கொடுப்பார்கள், சோறு போடுவார்கள், பேச மட்டும் இடம் தரமாட்டார்கள். பதினேழாவது கதவுக்காரன் உஞ்சாட் ஒருவன்தான் போகவில்லை.

போய் வந்தவன் பொதுக்கூடத்தின் நடுவே பாய் விரித்து உட்காருவான். எல்லாக் கதவும் திறந்து சனம் சுற்றிக் கூடும். அரிசிக் கள்ளு வரும். அவன் கதையை எடுப்பான். அதில் பாதி பொய்யாக இருக்கும். யாரும் தட்டிக் கேட்கமாட்டார்கள், அந்தப் பொய்யைச் சொல்வதற்காகவாவது அவன் போய் வந்திருக்கிறானே. முப்பத்திரண்டு வருடமாக உஞ்சாட் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கள்ளு ஊற்றிக் கொடுத்தான். எங்கள் எல்லோர் தோளிலும் கத்தரிப்பூ பச்சை குத்தியிருக்கும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவனுக்குக் குத்துகிற பூ அது. அவன் தோள் பிறந்தபடிக்கு வெறுமையாக இருந்தது. "காலி எடம் கெடக்கே, வாடகைக்கு விடேன்டா" என்பேன் நான்.

அவன் கிளம்பாதவன் இல்லை. என் பெரியப்பா மகன் அவன், ஒரே வயது. பத்தொன்பதில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கிளம்பினோம். விடியற்காலையில் படகில் இறங்கி வரும்போது, ஆற்றோரக் குடிசையில் தனியாக இருந்த அவனுடைய சின்னம்மா, "ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்கடா" என்று கூப்பிட்டாள். நான் கரையேறிக் குடித்தேன். உஞ்சாட் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைத்தெருவுக்கு வந்து காப்பி சொன்ன பிறகு அவன் முகம் வெளுத்துப்போனது.

"டேய், நான் கஞ்சியத் தொடலடா."

எங்கள் ஆற்றில் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால், பசியில்லாவிட்டாலும் ஒரு விரலால் தட்டைத் தொட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். தொடாமல் போனவனைப் பாம்பு தேடும், முறிந்த கிளை தேடும், சுழல் தேடும். என் பெரியம்மா மகன் ஒருவனை முதலை தேடியது, அவன் தொடாமல் போனது ஒரு குவளைக் காப்பியை. நாங்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறோம், போகிற வழியில் யாராவது கூப்பிட்டால் தட்டையும் தொடுகிறோம்.

"நீ இருடா, தொட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லி, மேலே போகிற யாரோ ஒருவர் படகில் தாவினான். சிபு நகரத்துக்கு ஒன்பது மணிப் பேருந்து. அதற்கப்புறம் நாலு மணிக்கு இன்னொன்று உண்டு. நான் ஒன்பதில் ஏறிவிட்டேன். எங்களுக்கு வேலை தருவதாகச் சொன்ன ஆளின் முகவரித்தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பி, கூடத்தின் நடுவே உட்கார்ந்து, என் கதையை இப்படித்தான் ஆரம்பித்தேன்: "ரெண்டு பேரு கெளம்புனோம். ஒருத்தன் கடலுக்குப் போனான். ஒருத்தன் கஞ்சிக்குப் போனான்." கூடமே குலுங்கிச் சிரித்தது. உஞ்சாட்டும் சிரித்தான். அன்றிலிருந்து அவன் 'கஞ்சிக்குத் திரும்பியவன்'. அவனுடைய பிள்ளைகளைக்கூடப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி வீட்டுப் பிள்ளைகள் என்றார்கள்.

ஊரில் தங்கியதால் அவன் வீணாகிவிடவில்லை. எங்கள் ஆறு, படகின் முன்முனையில் கம்போடு நிற்கிறவனின் ஆறு. பின்னால் மோட்டார் பிடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். முன்னால் நிற்கிறவன் பாறையை மூன்று ஆள் தூரத்தில் அறிந்து கம்பை ஊன்றித் தள்ள வேண்டும். உஞ்சாட்டுக்கு ஒவ்வொரு பாறையும் பெயரோடு தெரியும். ஒன்றுக்குத் தன் மாமியார் பெயரை வைத்திருக்கிறான், தண்ணீர் வற்றினால்தான் தலை தெரியுமாம். ஆற்றைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள், ஜப்பானியர்கள், கொரியர்கள் எல்லோரையும் இருபத்தைந்து வருடமாக ஏற்றி இறக்கியவன் அவன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பான்: "உங்க ஊரு ஆத்துல தண்ணி என்ன நெறம்?"

அவர்கள் ஊருக்குப் போய்த் தபால் அட்டை போடுவார்கள். ஆற்றுப் படம் போட்ட அட்டைகள். என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வான். எனக்கு எரியும். உலகத்தைப் பார்த்தவன் நான், தபால் வருவதோ அவனுக்கு. உண்மையைச் சொன்னால், பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்த உலகம் ஒரு சாப்பாட்டு அறை, ஒரு தொலைக்காட்சி, சுற்றிலும் உப்புத் தண்ணீர். இதைக் கூடத்தில் நான் சொன்னதில்லை.

போன வருடம் கூச்சிங் நகரத்திலிருந்து ஒரு பயண நிறுவனத்தார் வந்தார்கள். சட்டையில் நத்தைப் படம். நாட்டுக்கு நாடு ஓடாமல் ஒரே இடத்தில் நடந்து, ஊராரோடு உண்டு, அவர்கள் பக்கத்தில் படுத்து எழுந்து போவதுதான் இப்போது நாகரிகமாம்.

"அதத்தான நாங்க பொறந்ததுலேருந்து செய்றோம்? எங்களுக்கு யாரு படம் புடிச்சா?" என்றாள் செனியா. உஞ்சாட்டின் மனைவி அவள். அந்த வீட்டின் வாய்.

நிறுவனத்தின் சார்பில் வந்த வூன் என்ற பெண் சீனக்காரி, எங்கள் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். அவள் கேட்டது இதுதான்: எங்கள் ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து மலைமுகடு ஏறி, அந்தப் பக்கத்து ஆற்று நீள்வீட்டில் போய் இறங்கும் பழைய நடைபாதை. நாற்பது வருடமாக அதில் ஆள் போகவில்லை. வழியைத் திறந்து ஒரு விருந்தாளியை வைத்து நடத்திக் காட்டினால் வருடத்துக்கு எட்டு நடை எங்களுக்கு. நடத்திப் போகிறவன் தலைவன். இல்லையென்றால் சாலையோரமுள்ள வேறொரு நீள்வீட்டைப் பார்த்துக்கொள்வாள்.

உஞ்சாட் முன்னால் வந்து நின்றான். "நான் போறேன் தங்கச்சி."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "வழியில கஞ்சிக் கட இல்லியே" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "நீயும் வா. சுமக்க ஒரு ஆளு வேணும்." அப்போது அவனுக்கு ஐம்பத்தொன்று. முட்டி வலிக்கு இருவருமே ஒரே களிம்பைத்தான் தடவுகிறோம். இப்போது இல்லையென்றால் அவனுக்கு இனி எப்போதும் இல்லை என்பது எனக்குத் தெரியும், செனியாவுக்கும் தெரியும். "கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். "அந்தப் பக்கம் எறங்கிட்டு வரட்டும். எறங்காம வந்தாருன்னா இந்த மனுசன் மிச்ச நாளும் ஓரத்துலயே உக்காந்துருவாரு."

ஒரு மாதம் புதர் வெட்டினான். அந்தப் பக்கத்து ஆட்கள் அவர்கள் பக்கம் வெட்டி, மரங்களில் கத்திக்குறி போட்டுக்கொண்டே முகடு வரை வந்தார்கள். முகட்டில் அவர்களோடு உட்கார்ந்து புகைத்துவிட்டு உஞ்சாட் திரும்பிவிட்டான். பத்தடி இறங்கிப் பார்த்திருக்கலாம், இறங்கவில்லை. "அத மிச்சம் வெச்சிருக்கேன்டா" என்றான்.

விருந்தாளியாக வந்தவர் ஹெங்க். டச்சுக்காரர், அறுபத்தேழு வயது, முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் காலையில் படகு. ஹெங்க்கின் ஆற்றுத் தண்ணீர் பாசிப்பருப்பு நிறம் என்று தெரிந்துகொண்டு உஞ்சாட் திருப்தியடைந்தான். கடைசி அருவிக்குக் கீழே, எங்கள் நீள்வீட்டுச் சூனா அம்மாவின் வயல் குடிசையில் இறங்கினோம். அவள் சோறும் புளிக்கவைத்த மீனும் காட்டுக்கீரையும் எடுத்துவைத்து, "வெள்ளக்காரய்யா, வந்து ஒக்காருங்க" என்று கை காட்டிக் கூப்பிட்டாள். மெதுவாகப் போகும் நிறுவனத்தில் அட்டவணைக்குக் குறைவில்லை. வூன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அவசரம் அவசரமாகச் சாப்பிட்டு மூட்டை தூக்கி ஏறினோம்.

முகட்டுக்குச் சற்றுக் கீழே பந்தல் போட்டு, சாயங்காலம் கால் நீட்டி உட்கார்ந்தபோது உஞ்சாட் கேட்டான்: "மீனு எப்படிங்கய்யா இருந்துச்சு?" ஆங்கிலத்தில் நான் கேட்டுச் சொன்னேன்.

"எந்த மீன்?" என்றார் ஹெங்க்.

அவர் அந்த நேரமெல்லாம் ஓடையில் உட்கார்ந்து காலுறையிலிருந்து அட்டைப்பூச்சி பிடுங்கிக்கொண்டிருந்தாராம். கூப்பிட்டது கேட்டது, கையசைத்தார், வரவில்லை. தட்டைத் தொடவில்லை.

உஞ்சாட்டின் முகத்தில் அதே வெளுப்பு. கடைத்தெருவில் நான் பார்த்த முகம்.

"விடுடா" என்றேன். "ரெண்டு உப்புக்கல்ல நாக்குல வெச்சு விட்டாத் தீந்துது."

"அது தூரத்துலேருந்து வாசம் புடிச்ச சோத்துக்கு. இவர அந்தம்மா பேரு சொல்லாத கொறையாக் கூப்பிட்டிருக்கு. நாளைக்கு எறக்கம் செங்குத்து, அவருக்கு வயசு அறுபத்தேழு. வழுக்குனா யாருடா பதில் சொல்றது?"

"அவருக்குத்தான் இதெல்லாம் கெடையாதே."

"அவருக்கு இல்ல. அந்தக் காட்டுக்கு இருக்கு."

அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினால் ஒரு நாள் போய்விடும், அவரால் இரண்டாம் முறை ஏறவும் முடியாது. அதனால் உஞ்சாட் ஒரு முடிவெடுத்தான். விடிந்ததும் தான் மட்டும் இறங்கி, சூனா அம்மாவின் கையாலேயே அந்தச் சோற்றை வாங்கி இலையில் கட்டிக் கொண்டுவருவான். சோற்றிடம் அவர் போகமுடியாவிட்டால் சோறு அவரிடம் வரும்.

வூன் கணக்காகச் சொன்னாள்: "அண்ணே, அந்தப் பக்கம் எறங்க ஆறு மணி நேரம். இருட்டுக்கு முன்னாடி போய்ச் சேரணும்னா பன்னெண்டுக்கு நாம நகந்தாகணும். அதுக்கு மேல என்னால ரிஸ்க் எடுக்க முடியாது."

"பன்னெண்டுக்குள்ள வந்துர்றேன் தங்கச்சி." என் பக்கம் திரும்பினான். "நீ இருடா, வந்துர்றேன்."

விடிந்தபோது அவனுடைய பாய் சுருட்டி வைத்திருந்தது. நாங்கள் காத்திருந்தோம். ஒன்பது ஆனது. பத்து. பன்றிவால் குரங்கு ஒன்று வந்து எங்கள் பாத்திரங்களை ஆராய்ந்துவிட்டுப் போனது. பதினொன்றரைக்கு வூன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மரத்துல குறி இருக்குல்ல? அதப் பாத்து எறங்க ஒங்களால முடியும்ல?"

"முடியும்."

"அவரு வரலன்னா நீங்களே நடத்திட்டுப் போங்க. அப்புறம் இந்த நடைக்கு நீங்கதான் தலைவர். எனக்கு வேற வழியில்ல அண்ணே."

நான் நல்லவன் போல இங்கே நடிக்கப் போவதில்லை. எனக்கு ஆசை வந்தது. வருடத்துக்கு எட்டு முறை, உலகம் முழுக்க இருந்து ஆட்கள், எனக்கும் அட்டைகள். அதைவிட, அவன் வரமாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. சூனா அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து, வயல் கதை பேசி, மெல்ல வீட்டுக்குப் போய்விடுவான். பன்னிரண்டு ஆனதும் எழுந்தேன். கூடையை முதுகில் ஏற்றி வாரை நெற்றியில் மாட்டினேன்.

ஹெங்க் எழுந்திருக்கவில்லை. ஒரு வேரின் மேல் உட்கார்ந்து, காலுறையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"போகலாங்கய்யா" என்றேன் ஆங்கிலத்தில்.

"அவர் கொண்டுவருவது என் சாப்பாடு இல்லையா?"

"ஆமா, ஆனா நேரம்..."

"முப்பத்தெட்டு வருடம்" என்றார் அவர், சத்தம் உயர்த்தாமல். "குறித்த விநாடிக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும், மேடையில் ஆட்கள் ஓடிவருவது. பை ஆட, தொப்பி விழ, கையை உயர்த்திக்கொண்டு. ஒரு முறைகூட நான் நிறுத்தியதில்லை. சட்டம் அப்படி. நீங்கள் போங்கள். நான் இவருக்காக உட்கார்ந்திருக்கிறேன்."

வூன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் கூடையோடு நின்றேன். நாலு மணிப் பேருந்து எனக்கு நினைவுக்கு வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அதை ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை, நினைக்காமல் இருக்க ஒரு வேடிக்கைக் கதை கைவசம் இருந்ததே. வெட்கமாக இருந்தது. கூடையை இறக்கினேன்.

பன்னிரண்டரை இருக்கும். கீழே புதர் அசைந்தது. உஞ்சாட் வந்தான். சட்டை முழுக்க நனைந்து, முழங்காலில் ரத்தம், கையில் இலைப்பொட்டலம். மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் எங்கள் மூவரையும் எண்ணுவது போலப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"அந்தம்மா வயலுக்குப் போயிருச்சு" என்றான். "ஆளில்லாத வீட்டுல எடுத்தா அது திருட்டு. தேடிப் புடிச்சி, சமைக்கச் சொல்லி... திட்டுது வேற. வெள்ளக்காரனுக்கு என் மீனு நாறுதாமான்னு கேக்குது."

இலையைப் பிரித்தான். ஹெங்க் ஒரு விரலால் தொட்டார். பிறகு உட்கார்ந்து மீன், முள், சோறு எல்லாவற்றையும் தின்று இலையையும் வழித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, மீனின் காரமாகவும் இருக்கலாம். "இன்னும் இருக்கா?" என்று கேட்டதை மொழிபெயர்த்தேன். உஞ்சாட் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்து பறவை கிளம்பியது.

முகட்டைத் தாண்டும்போது, மிச்சம் வைத்திருந்த அந்தப் பத்தடியில் அவன்தான் முதலில் இறங்கினான். இறங்கும்போது ஹெங்க்கின் இடுப்புவாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தான். வெளிச்சம் போகிற நேரத்துக்கு அந்தப் பக்கத்து நீள்வீட்டின் ஏணியை அடைந்தோம். அங்கே கொடுத்ததைத் தின்றோம், விழுந்து தூங்கினோம்.

மறுநாள் காலை மழை. வயலுக்குப் போகமுடியாத சனம் கூடத்தில் கூடியது. அவர்கள் வீட்டுப் பெரியவர் பாயை நடுவில் விரித்து, யாரை உட்காரச் சொல்வது என்று பார்த்தார். பழக்கதோஷம், நான் பாதி எழுந்துவிட்டேன். வூன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வழி நடத்திட்டு வந்தவரு இவருதான்" என்றாள்.

உஞ்சாட் நடுவில் உட்கார்ந்தான். கள்ளு வந்தது, ஊற்றிக் கொடுக்கக் கை நீட்டினான், ஒரு பெண் செல்லமாக அந்தக் கையைத் தட்டிவிட்டு அவனுக்கு ஊற்றினாள். அத்தனை முகங்கள் தன் வாயைப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"என் பெஜலாய் முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சுது" என்றான். "சின்னம்மா கஞ்சி குடுத்துச்சு, நான் தொடல. திரும்பிப் போய்த் தொட்டுட்டு, அதே பகல் ரெண்டு மணிக்குக் கடத்தெருவுக்கு வந்துட்டேன். நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு இருந்துச்சு. ஆனா எங்க போறதுன்னு எழுதின தாளு என் கூட்டாளி பையில போயிருச்சு. அந்த பஸ்ஸு கெளம்பற வரைக்கும் நின்னு பாத்துட்டு ஊருக்குப் போனேன்."

அவன் வந்திருக்கிறான். ரெண்டு மணிக்கு வந்து நின்றிருக்கிறான். அவனுடைய சின்னம்மா மூன்று வருடத்தில் செத்துப்போனாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் கூடத்தில் உட்கார்ந்து அந்த வேடிக்கையைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் கள்ளு ஊற்றியபடி சிரித்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும்.

"என்ன கூட்டாளியப்பா அவன், நிக்க மாட்டானா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"நேத்து நின்னான்ல" என்றான் உஞ்சாட், என்னைக் காட்டி. "மலமேல. எனக்காக ஒக்காந்திருந்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என்னால் தாங்கமுடியவில்லை. "இல்லடா" என்று கத்திவிட்டேன். "நான் ஒக்காரல. கூடைய ஏத்திட்டேன். இவருதான் நகர மாட்டேன்னாரு. நான் ஒன்ன விட்டுட்டுப் போகத்தான் பாத்தேன், ரெண்டாந்தடவையும்."

உஞ்சாட் என் நெற்றியைப் பார்த்தான்.

"தெரியும்டா. வாரு பதிஞ்ச தடம் நெத்தியில இருந்துச்சு, வந்ததுமே பாத்தேன். எறக்கி வெச்சியா இல்லியா?"

"வெச்சேன்."

"அப்புறம் என்ன?" கள்ளை ஒரு மடக்குக் குடித்து, வாயைத் துடைத்து, கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டான். "சும்மா இரு, நடுவுல வராத. இது என் கதடா."